வீட்டுக் குடத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வயது 26. கேன்டீனிலும் ரூமிலும் அரசியல், பொருளாதாரம், ஏ.ஐ. என்று பேச்சு ஓடுகிறது. ஃபோனில் வரும் வீடியோக்களைப் பார்த்துத்தான் நானும் பேசுகிறேன். யாராவது எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் பதில் இல்லை. அரசியல், பண்பாடு, பொருளாதாரம், தொழில்நுட்பம் நான்கிலும் பத்துப் பத்துப் புத்தகம் சொல்வீர்களா? தமிழ்வழியில் படித்தவன், ஆங்கிலம் சுமார். புத்தகம் வாங்க அதிகம் செலவழிக்க முடியாது. குரூப் 4-க்கும் படித்துக்கொண்டிருக்கிறேன், அதை விட்டுவிடலாமா என்றும் சொல்லுங்கள்.

நூலகர் பதில்:

அன்புள்ள தம்பி,

எதிர்த்துக் கேட்டால் பதில் இல்லை என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். படிப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் நாற்பது புத்தகப் பட்டியலை நான் தரப்போவதில்லை. நூலகத்தில் வேலை பார்த்த வருடங்களில் நான் கண்டது இது: பட்டியலோடு வந்தவர்கள் முதல் புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போனார்கள். ‘எங்க ஊர் ஏரிக்கு வர்ற கால்வாய் யார் பேர்ல இருக்கு?’ என்று ஒரு கேள்வியோடு வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள், கடைசியில் பட்டியல்காரர்களைவிட அதிகம் படித்தவர்களும் அவர்களே. அதனால் உங்களுக்கும் ஒரு கேள்வியைத்தான் தருகிறேன். நீங்கள் கேட்ட நான்கு துறையும் அதற்குள் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் குடத்தில் பிடித்து வைக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தருமபுரி மாவட்டத்தில் பற்களில் பழுப்புக் கறை படிந்தவர்களைப் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். கருங்கல் பாறையில் உள்ள தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு தண்ணீரில் கரைகிறது. போர்வெல் ஆழமாகப் போகப் போக, பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்திய தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு வகுத்த அளவு. அதற்கு மேல் போனால் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை. பல ஆண்டுகள் குடித்தால் மூட்டு இறுகி எலும்பும் வளையும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துத் தருகிறார்கள். அந்த அறிக்கையை ஒரு தடவை கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃப்ளோரைடு என்று வரிசையாக இருக்கும். எதிரே உங்கள் தண்ணீரின் அளவும், பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட அளவும் இருக்கும். ஒரு பக்கத் தாள்தான். நான் உங்களுக்குச் சொல்லும் முதல் தொழில்நுட்ப நூல் அதுதான்.

இதற்குத் தீர்வாக வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவருவது. 1998-இலேயே கர்நாடகம் ஆட்சேபனை இல்லை என்று ஒப்புக்கொண்டது. பத்து ஆண்டு கழித்து, 2008-இல் வேலையைத் தொடங்கப் போனபோது அங்கே போராட்டம் வெடித்தது. கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று அன்றைய முதல்வர் கருணாநிதி திட்டத்தைத் தள்ளிவைத்தார். பிறகு ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் வேலை நடந்து, 2013-இல் ஜெயலலிதா காலத்தில் தண்ணீர் வந்தது. வெளிநாட்டுக் கடன் ஏன் வாங்கினார்கள்? ஒரு மாநிலம் ஒப்புக்கொண்ட விஷயம் தேர்தல் நேரத்தில் மட்டும் ஏன் தீப்பற்றுகிறது? ஒரு கட்சி தொடங்கியதை இன்னொரு கட்சி எப்படி முடித்தது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடினாலே இந்தியக் கூட்டாட்சியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் ஆற்றையே படியுங்கள். காவிரித் தண்ணீரை அளக்கிற இடம் நம் கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில்தான் இருக்கிறது, பிலிகுண்டுலு. சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இப்படிப் போகிறது கதை. கர்நாடகம் ஆண்டுக்குப் பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) விட வேண்டும் என்றது நடுவர் மன்றம். உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்தது 14.75. அதில் 10 டி.எம்.சி. தமிழ்நாட்டில் கிடைக்கும் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கழித்தது. மீதி 4.75 பெங்களூரின் குடிநீருக்காகக் கொடுத்தது. கேன்டீனில் காவிரிப் பேச்சு வந்தால் இந்தக் கழித்தல் கணக்கைத் தெரிந்த ஒருவர் பேசுவதும் தெரியாத ஒருவர் பேசுவதும் ஒன்றல்ல. தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது, இணையத்தில் இலவசம். முழுவதும் வேண்டாம், முடிவுரையையும் பங்கீட்டு அட்டவணையையும் மட்டும் படியுங்கள்.

அந்த 4.75 டி.எம்.சி. போன பெங்களூர் உங்கள் கம்பெனியிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். ஓசூரில் 1970-களில் சிப்காட் வந்ததற்கும், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் வந்ததற்கும், இப்போது போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை நிற்பதற்கும் அந்த நகரத்தின் அருகாமை ஒரு முக்கியக் காரணம். உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடும் நகரமும் உங்கள் சம்பளத்தைத் தொடும் நகரமும் ஒன்றே. அரசியல் வேறு பொருளாதாரம் வேறு என்று அலமாரியில் பிரித்து வைப்பது நூலகர்களாகிய எங்களுடைய வசதிக்காக. நீங்கள் அப்படிப் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை.

பொருளாதாரத்துக்கு இன்னொரு வாசல், உங்கள் அப்பாவின் பட்டா. 1792-இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் நம் பகுதியை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தார். அப்போது இதற்குப் பாராமகால் என்று பெயர். அலெக்சாண்டர் ரீட் என்ற அதிகாரியும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ முதலானவர்களும் இங்கே ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்தார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல் ஒவ்வொரு உழவரிடமும் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே உருவானது, பிறகு சென்னை மாகாணத்தில் பெரும் பகுதிக்குப் பரவியது. மன்றோ பின்னாளில் மாகாணத்துக்கே கவர்னர் ஆனார். தென்னிந்திய நிலவரியின் வரலாற்றில் நம் ஊருக்கு இவ்வளவு பெரிய இடம் இருப்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். அந்தக் கால ஆவணங்கள் ‘பாராமகால் ரெக்கார்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. அவை கடினம். 1883-இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்ட மேனுவல் கொஞ்சம் எளிது. அன்று நாம் சேலத்தோடு இருந்தோம், 1965-இல்தான் தருமபுரி தனி மாவட்டம் ஆனது, 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அந்த மேனுவலில் நம் தாலுகாக்களைப் பற்றிய பக்கங்களை மட்டும் தேடிப் படியுங்கள். எழுதியவர் வரி வசூலிக்க வந்த அரசின் அதிகாரி என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

பொருளாதாரத்தின் அடிப்படைக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் புத்தகங்களைப் போல எளிதில் கிடைப்பது வேறு எதுவும் இல்லை. தமிழில் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ‘பள்ளிக்கூடப் புத்தகமா?’ என்று நினைக்காதீர்கள். தேசிய வருமானம், பணவீக்கம், வங்கி, நிதிப் பற்றாக்குறை எல்லாம் ஒழுங்காக வரிசைப்படி அங்கேதான் இருக்கிறது. அதைப் படித்த பிறகு அரசு பட்ஜெட்டைத் திறங்கள். ஒரு திட்டத்துக்கு எதிரே உள்ள எண்களில் முக்கியமாக மூன்றைப் பாருங்கள். ஒன்று முடிந்துபோன ஆண்டில் நிஜமாகச் செலவான கணக்கு, அடுத்தது நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, மூன்றாவது வரப்போகும் ஆண்டுக்கான மதிப்பீடு. செய்தியிலும் வீடியோவிலும் மூன்றாவது எண்ணைத்தான் சொல்வார்கள். நீங்கள் முதல் எண்ணைப் பாருங்கள். அறிவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பிட்டால் எந்த அரசையும், அது உங்களுக்குப் பிடித்த கட்சியின் அரசாக இருந்தாலும், நேர்மையாக எடைபோட முடியும். ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பும் தமிழிலேயே கிடைக்கிறது. வேளாண்மைத் துறைக் குறிப்பிலும் குடிநீர் குறித்த குறிப்பிலும் நம் மாவட்டத்தின் பெயர் வரும் இடங்களை மட்டும் தேடிப் படித்தால்கூடப் போதும். மாநிலத் திட்டக் குழு 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கென முதல் பொருளாதார ஆய்வறிக்கையை வெளியிட்டது. அதையும் பாருங்கள்.

புத்தகமாக ஒன்று வேண்டும் என்றால் ழான் திரேஸும் அமர்த்தியா சென்னும் 2013-இல் சேர்ந்து எழுதிய, இந்தியாவின் வளர்ச்சி யாரைச் சென்று சேர்ந்தது, யாரைச் சேரவில்லை என்று ஆராயும் ‘ஆன் அன்சர்ட்டன் குளோரி’ (An Uncertain Glory) என்ற நூல். சத்துணவு, ரேஷன், சுகாதார நிலையம் போன்றவற்றில் தமிழ்நாடு செய்ததை மற்ற மாநிலங்களோடு வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டின் சராசரிக்குள் நம் மாவட்டம் மறைந்துபோகும், அதைக் கவனியுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 சதவீதம், தருமபுரியில் 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. சராசரியைச் சொல்லி யாராவது பெருமை பேசினாலும் குறை பேசினாலும் ‘மாவட்டக் கணக்கு என்ன?’ என்று கேட்கப் பழகுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமாக ராஜாஜியைப் படியுங்கள். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். அரசு எல்லாவற்றிலும் கைவைப்பதை எதிர்த்து 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கினார், லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம் என்று சாடினார். அவரோடு எனக்குப் பல இடங்களில் உடன்பாடு இல்லை, குறிப்பாக 1953-இல் கொண்டுவந்த, எதிர்த்தவர்கள் ‘குலக்கல்வி’ என்று அழைத்த கல்வித் திட்டத்தில். ஆனாலும் மறுதரப்பின் சிறந்த வாதத்தை அவர்களுடைய எழுத்திலேயே படித்தால்தான் எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். உங்கள் கடிதத்தில் உள்ள குறைக்கு நேரடி மருந்து இது ஒன்றுதான். உங்களுக்குப் பிடிக்காத கட்சியைப் பற்றி, அதைப் பிடிக்காத யூடியூபரிடமே கேட்டால் கோபம் வரும், அவ்வளவுதான்.

அரசியலில் முதலில் வேண்டியது சுதந்திரத்துக்குப் பிந்தைய வரலாறு. ராமச்சந்திர குஹாவின் நூல் ‘இந்திய வரலாறு: காந்திக்குப் பிறகு’ என்று தமிழில் இரண்டு பாகங்களாக வந்திருக்கிறது. தடிமனைப் பார்த்து மிரள வேண்டாம், கதைபோலப் போகும். அதோடு அம்பேத்கர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரை சில பக்கங்கள்தான். அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டோடு எத்தனை நாள் ஓட்டுவோம் என்று கேட்கிறார். தலைவரை வழிபடும் அரசியலைப் பற்றி அங்கேயே எச்சரிக்கிறார். பிறகு 1936-இல் எழுதிய ‘சாதியை ஒழிக்கும் வழி’. லாகூரில் பேச அழைத்தவர்களே உரையைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை ரத்து செய்தார்கள், அவர் சொந்தச் செலவில் அச்சிட்டார். சாதியின் பெயரால் வீடுகள் எரிந்த மாவட்டம் நம்முடையது. இதைப் படிக்காமல் இங்கே அரசியல் பேசக்கூடாது என்றே சொல்வேன்.

வாச்சாத்தி தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று அரூர் பக்கத்து அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதற்கு முன் நீதிபதி அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். அரசு என்றால் என்ன, அதை எதிர்த்து ஏழை மலைவாழ் மக்கள் சங்கத்தோடும் வழக்கறிஞர்களோடும் எவ்வளவு காலம் நிற்க வேண்டியிருக்கிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாசிப்பு நம் மாவட்டத்தில் கிடையாது.

பண்பாட்டுக்கு தொ.பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுகள்’. உப்பு, எண்ணெய், உடை என்று நாம் தினமும் தொடும் பொருள்களிலிருந்து வரலாற்றை எடுத்துக் காட்டுகிறார். ஒரு கட்டுரை படிக்க ஒரு டீ நேரம் போதும், ஷிஃப்ட் இடைவெளிக்குப் பொருத்தம். அதைப் படித்துவிட்டுத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். வில்லோ வாளோ ஏந்தி நிற்கும் வீரன், மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சில வரி. எந்த அரசன் ஆண்டது, அவனுடைய ஆட்சியில் எத்தனையாவது ஆண்டு, யாருக்குக் கீழிருந்த யார், எந்த ஊர் மாட்டுமந்தையை மீட்கப் போய்ச் செத்தான் என்று நாலைந்து வரியில் முடிந்துவிடும். மந்தைக்குத் ‘தொறு’ என்று பெயர். மாடுதான் செல்வமாக இருந்த காலத்தின் சொத்துத் தகராறு அது. தொல்லியல் துறை ‘தருமபுரிக் கல்வெட்டுகள்’ என்று நூலாகவே வெளியிட்டிருக்கிறது. கல்லைப் பார்த்துவிட்டு நூலைப் புரட்டினால் ஒட்டிக்கொள்ளும். புறநானூறு 95-ஆம் பாட்டையும் உரையோடு படியுங்கள். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய ஆயுதங்கள் புத்தம் புதிதாக மின்னுவதைப் புகழ்வதுபோலப் புகழ்ந்து, எங்கள் மன்னனுடையவை போரில் முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். நம் மண்ணின் அரசியல் பேச்சுக்கு அவ்வளவு வயது.

கொல்லன் பட்டறை என்றதும் தொழில்நுட்பம். பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த ‘இரும்பின் தொன்மை’ என்ற அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளை காலக்கணிப்புகளோடு, தமிழ்நாட்டு இரும்பை இன்னும் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பின்னால் கொண்டுபோகிறது. பெருமைக்காகப் படிக்க வேண்டாம். காலத்தை எப்படிக் கணித்தார்கள், எதைச் சோதித்தார்கள் என்ற பக்கங்களைப் படியுங்கள், ஒரு அறிவியல் முடிவு எப்படி நிற்கிறது என்று தெரியும். இன்றைய தொழில்நுட்பத்துக்கு கிறிஸ் மில்லர் 2022-இல் எழுதிய ‘சிப் வார்’ ஒன்று போதும். சிப் எங்கே வடிவமைக்கிறார்கள், எங்கே செய்கிறார்கள், ஏன் நாடுகள் அதற்காக மோதுகின்றன என்பது புரிந்தால் ஏ.ஐ. செய்திகளில் பாதி தானாகப் புரியும்.

ஆங்கிலம் சுமார் என்று கவலைப்படுகிறீர்கள். வழி இதுதான்: ஒரு விஷயத்தை முதலில் தமிழில் படியுங்கள், பிறகு அதே விஷயத்தை ஆங்கிலத்தில். என்ன சொல்லப்போகிறார்கள் என்பது தெரிந்திருப்பதால் அகராதி பாதி மிச்சம். பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய, கிராமத்து வாழ்க்கையைப் பதிவுசெய்யும் பாரி (PARI) இணையதளம் இதற்கு வாகானது, ஒரே கட்டுரை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி விவசாயிகளும் யானைகளும் படும் பாட்டைப் பற்றி அதில் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது, ரசீதை எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட இடத்துக்குப் போக ஏன் தயக்கம்? சொற்பக் காப்புத்தொகையும் சந்தாவும் கட்டினால் உறுப்பினர். கேட்கும் புத்தகம் இல்லையென்றால் அங்குள்ள பதிவேட்டில் எழுதி வையுங்கள். யாரும் கேட்காத புத்தகத்தை வாங்கும்படி மேலே சொல்ல நூலகருக்கு வழி இல்லை. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. சொந்தமாக வாங்குவதை ஓசூரிலும் தருமபுரியிலும் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கு ஒத்தி வையுங்கள், பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. குஹாவையும் தொ.ப.வையும் மட்டும் அங்கே வாங்குங்கள், மற்றவற்றை இரவல் வாங்கியே படிக்கலாம்.

குரூப் 4-ஐ விட வேண்டாம். 200 கேள்வியில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. பொது அறிவில் பெரும்பகுதி பள்ளிப் புத்தகங்களிலிருந்துதான் வருகிறது, நான் சொன்ன பொருளியல் நூல்கள் அங்கேயும் உதவும். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் கலக்காதீர்கள். தேர்வுக்குப் படிக்கும்போது விடையை மனதில் வைக்க வேண்டும், இந்தப் படிப்பில் கேள்வியை. பகல் ஷிஃப்ட் வாரத்தில் தேர்வுக்கும், இரவு ஷிஃப்ட் வாரத்தில் பத்துப் பக்கம் இதற்கும் ஒதுக்குங்கள். ஊருக்குப் போகும்போது முதல் வேலையாகக் குடிநீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். அறிக்கை வந்ததும் ஃப்ளோரைடு எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள், அதற்கு அடுத்து எதைப் படிப்பது என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன்.